படுத்திருக்கும் காடு: அரிசோனாவின் கல்மரத் தேசியப் பூங்காவைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கில், இன்டர்ஸ்டேட் 40 நெடுஞ்சாலையை ஒட்டி பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. கிராண்ட் கேன்யனுக்குப் போகிறவர்கள் பலரும் வழியில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி இதற்குள் நுழைந்து வெளியேறுகிறார்கள். முதல்முறை நானும் அப்படித்தான் பார்த்தேன். கார் கண்ணாடி வழியே மொட்டை நிலமும், ஆங்காங்கே உடைந்து கிடந்த கட்டைகளும்தான் தெரிந்தன. ஏமாற்றத்தோடு திரும்பினேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு நவம்பர் மாதத்தில், வேறு எந்தத் திட்டமும் இல்லாமல் இந்தப் பூங்காவுக்காக மட்டுமே போனேன். காலை முதல் மாலை வரை நடந்தேன். முன்பு பார்த்த அதே இடம்தானா என்று வியக்கும் அளவுக்கு எல்லாம் மாறித் தெரிந்தது. அந்த இரண்டாவது பயணத்தைப் போல உங்கள் முதல் பயணம் அமைய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன்: எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

பயணத்தின் முதல் படி வீட்டிலேயே தொடங்குகிறது. இந்த இடத்தின் கதை தெரியாமல் போனால் கண்ணில் படுவது வெறும் கல். தெரிந்து போனால் ஒவ்வொரு கட்டைக்கு முன்னும் கால் மணி நேரம் நிற்பீர்கள்.

‘காடு’ என்ற சொல்லை நம்பி, நிமிர்ந்து நிற்கும் கல்மரங்களை எதிர்பார்க்காதீர்கள். இங்கே ஏறக்குறைய எல்லா மரங்களும் படுத்துத்தான் கிடக்கின்றன. சுமார் 21 கோடி ஆண்டுகளுக்கு முன், ட்ரையாசிக் காலத்தின் பிற்பகுதியில், உலகின் நிலப்பரப்பெல்லாம் பாஞ்சியா என்ற ஒரே பெருங்கண்டமாக இருந்தது. இன்றைய அரிசோனா அப்போது நிலநடுக்கோட்டுக்கு அருகே, வெப்பமும் ஈரமும் மிகுந்த ஆற்றுச் சமவெளியாக இருந்தது. கரையோரங்களில் ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்த நெடிய மரங்கள் வளர்ந்தன. சில 60 மீட்டர் உயரம் வரை போயிருக்கலாம் என்கிறார்கள். வெள்ளம் அந்த மரங்களைச் சாய்த்து அடித்துக்கொண்டு போனது. போகும் வழியிலேயே கிளைகளும் பட்டையும் உரிந்துபோயின. ஆற்றுவளைவுகளில் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து நின்றன. அவற்றின் மேல் சேறு மூடியது. ஆகவே நீங்கள் பார்க்கப் போவது வளர்ந்த இடத்திலேயே கல்லாகிப்போன காடு அன்று. வெள்ளம் கொண்டுவந்து ஒதுக்கிய மரங்களின் குவியல்.

சேற்றுக்குள் காற்று புகவில்லை என்பதால் கட்டைகள் மக்கவில்லை. அந்தச் சேற்றில் எரிமலைச் சாம்பல் நிறையக் கலந்திருந்தது. சாம்பலிலிருந்த சிலிக்கா நிலத்தடி நீரில் கரைந்து மரத்துக்குள் ஊறியது. மரத்தின் உயிர்ப்பொருள் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமத்தின் படிகங்கள் உருவாயின. தூய குவார்ட்ஸ் நிறமில்லாமலோ வெள்ளையாகவோ இருக்கும். சிவப்பு, மஞ்சள், பழுப்பு எல்லாம் இரும்பின் வேலை. கறுப்பும் ஊதாவும் மாங்கனீசின் வேலை. ஒரே கட்டையின் குறுக்குவெட்டில் இத்தனை நிறங்களும் சேர்ந்து வந்திருப்பதைப் பார்க்கும்போது, இயற்கை இதற்காக எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்ற எண்ணம் வராமல் இருக்காது.

எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கட்டைகளை ரம்பம் போட்டு அறுத்தது யார்? வெட்டு அவ்வளவு நேராக, ஒரே அளவுத் துண்டுகளாக இருக்கும். யாரும் அறுக்கவில்லை. குவார்ட்ஸ் மிகக் கடினமானது. எஃகுக் கத்தியால் கீற முடியாது. ஆனால் வளையாது. இந்தப் பகுதி அமைந்திருக்கும் கொலராடோ பீடபூமி மேலெழும்பியபோது ஏற்பட்ட அழுத்தத்தில், சாக்பீஸ் ஒடிவதுபோல, மண்ணுக்குள்ளேயே கட்டைகள் குறுக்காக ஒடிந்தன. பிறகு மழையும் காற்றும் மண்ணை அரித்து அவற்றை வெளியே கொண்டுவந்தன. அந்த அரிப்பு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் வெளிவராத மரங்கள் உங்கள் காலடியில் இருக்கின்றன.

தமிழில் இதற்குக் ‘கல்மரம்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவக்கரையிலோ, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலோ கல்மரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நிகழ்வு புதிதல்ல. திருவக்கரை மரங்களைவிட அரிசோனா மரங்கள் ஏறக்குறைய பத்து மடங்கு பழையவை. 1853இல் அமெரிக்க ராணுவத்தின் லெஃப்டினன்ட் அமியல் விப்பிள் ரயில் பாதைக்கு வழி தேடி இந்தப் பக்கம் வந்தபோது, இங்குள்ள ஓடை ஒன்றுக்கு ‘லித்தோடென்ட்ரான்’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அதற்கும் ‘கல்மரம்’ என்றுதான் பொருள்.

பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தே பாலையாகின்றன என்பது நம் பழைய மரபு. மழைக்காடாக இருந்து பாலையாகத் திரிந்த இந்த மண்ணில் நின்றபோது அது எனக்கு நினைவுக்கு வந்தது.

எப்போது போவது?

பூங்கா சராசரியாக 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டைவிடச் சற்று அதிகம். அதனால் பாலைவனம் என்றாலே எப்போதும் வெயில் என்று நினைத்துவிட வேண்டாம். கோடையில் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் இடிமழை வரும். வசந்த காலத்தில் காற்று பலமாக அடிக்கும். குளிர்காலத்தில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். சில நாட்களில் பனியும் பெய்யும்.

என் பரிந்துரை அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை. தட்பவெப்பம் இதமாக இருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒளி. இங்கே கதவு காலை 8 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடப்படும். கோடையில் 5 மணிக்குச் சூரியன் இன்னும் உயரத்தில்தான் இருக்கும். அந்த வெயிலில் குன்றுகளின் நிறம் வெளிறிப்போகும். நீங்கள் வெளியேறிய பிறகே நிறங்கள் எழும். உங்களுக்கு அவை கிடைக்காது. நவம்பரில் சூரியன் 5 மணியை ஒட்டி மறைவதால், நாளின் மிக நல்ல ஒரு மணி நேரம் கதவு மூடுவதற்கு முன்பே கிடைத்துவிடும். புகைப்படம் எடுக்கிறவர்கள் இதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் பக்கத்திலிருக்கும் நியூ மெக்சிகோவிலும், அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ மக்களின் நிலப்பகுதியிலும் அந்த வழக்கம் உண்டு. கோடையில் கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து அது ஒரு மணி நேரம் தவறாகக் காட்டலாம். அரிசோனா நேரத்தையே கையால் அமைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குப் பேச வேண்டுமென்றால், ஆண்டு முழுவதும் வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம்.

டிசம்பர் 25 அன்று பூங்கா மூடியிருக்கும். கட்டணம் ஒரு காருக்கு 25 டாலர். ஒருமுறை கட்டினால் ஏழு நாட்களுக்குச் செல்லும். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை. புறப்படுவதற்கு முந்தைய நாள் தேசியப் பூங்காச் சேவையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது?

கார் இல்லாமல் முடியாது. பூங்காவுக்குள் பஸ் கிடையாது. அருகிலிருக்கும் ஓரளவு பெரிய நகரம் பிளாக்ஸ்டாஃப். அங்கிருந்து வடக்கு வாயில் சுமார் 185 கிலோமீட்டர். பெரிய விமான நிலையம் வேண்டுமென்றால் பீனிக்ஸ் அல்லது ஆல்புகர்க்கி. இரண்டிலிருந்தும் மூன்று மூன்றரை மணி நேர ஓட்டம். பீனிக்ஸ், சாண்ட்லர் பக்கம் வசிக்கும் நம்மவர்கள் விடியற்காலையில் கிளம்பி ஒரே நாளில் போய்த் திரும்புவதுண்டு. நான் அதைச் சொல்ல மாட்டேன். திரும்பும் ஓட்டத்தை நினைத்தே மாலை ஒளியை விட்டுவிடுவீர்கள்.

பூங்காவுக்குள் விடுதி இல்லை. கார் நிறுத்திக் கூடாரம் போடும் முகாமும் இல்லை. முந்தைய இரவே ஹோல்புரூக் ஊரில் தங்குங்கள். பழைய ரூட் 66 சாலை இந்த ஊரின் நடுவே ஓடியது. செவ்விந்தியக் கூடார வடிவில் கான்கிரீட்டால் கட்டிய அறைகளைக் கொண்ட விக்வாம் மோட்டல் 1950 முதல் இங்கே இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே இடம் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

கையில் என்ன வேண்டும்?

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும். உடலிலிருந்து நீர் போவதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். நிழல் எங்கும் இல்லை, ஆகவே அகலமான தொப்பி கட்டாயம். பிடிப்புள்ள காலணி, குளிருக்கு ஒரு மேலாடை, ஒரு தொலைநோக்கி. வடக்கு வாயிலில் உணவகம் உண்டு, தெற்கே நொறுக்குத் தீனிதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் எலுமிச்சைச் சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவதே நல்லது. டேங்கை ஹோல்புரூக்கிலேயே நிரப்பிவிடுங்கள். பூங்காவுக்குள் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வாயிலில் நுழைவது?

பூங்காவின் சாலை ஒன்றே ஒன்றுதான். 28 மைல், அதாவது 45 கிலோமீட்டர். வடக்கு முனை இன்டர்ஸ்டேட் 40இன் 311ஆம் வெளிவழியில் இருக்கிறது. தெற்கு முனை யு.எஸ். 180 சாலையில், ஹோல்புரூக்கிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கல்மரங்கள் பெரும்பாலும் தெற்கே கிடக்கின்றன. பெயின்டட் டெசர்ட் எனப்படும் வண்ணப் பாலை வடக்கே விரிகிறது.

தெற்கில் தொடங்குங்கள். காலையில் சாய்ந்து விழும் ஒளியில் கல்மரங்களின் படிகங்கள் மின்னும். பிற்பகலில் வடக்கே வந்து சேரும்போது செந்நிறக் குன்றுகளின் மீது மாலை வெயில் விழும். வேறெங்கோ போகும் வழியில் நுழைகிறவர்களிடம், பூங்காவை ஒரே திசையில் கடந்துவிட்டால் திரும்ப வேண்டியதில்லை என்று வழக்கமாகச் சொல்வார்கள். கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு வடக்கு வாயிலே வசதி. ஆனால் இந்தப் பூங்காவுக்காகவே வருகிறவர்கள் ஒளியை நம்பித் திட்டமிட வேண்டும், வசதியை நம்பி அன்று.

நாளின் நடை: ஒவ்வொரு இடமாக

காலை 8 மணிக்குத் தெற்கு வாயிலில் இருங்கள். உள்ளே சிறிது தூரத்தில் ரெயின்போ ஃபாரஸ்ட் அருங்காட்சியகம். கட்டைகளைப் பார்க்கப் போகும் முன் அக்காலத்து விலங்குகளை இங்கே பாருங்கள். முதலை போலத் தோன்றும் ஃபைட்டோசார்கள், முதுகில் கவசம் கொண்ட தாவரம் தின்னும் ஏட்டோசார்கள், அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்த சிறிய டைனோசார்கள். 1984இல் இந்தப் பூங்காவில் கிடைத்த சிண்டிசாரஸ் என்ற டைனோசாரை ஆய்வாளர்கள் ‘கெர்ட்டி’ என்று செல்லமாக அழைத்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்புழு போலத் தோன்றும் காலில்லாத நீர்நில வாழ்வன சில உண்டல்லவா? அந்த இனத்தின் மிகப் பழைய புதைபடிவம் கிடைத்ததும் இந்தப் பூங்காவில்தான். 2023இல் அதை அறிவித்தார்கள்.

அருங்காட்சியகத்தின் பின்வாசலில் தொடங்குகிறது ஜயன்ட் லாக்ஸ் நடைவழி. நீளம் 650 மீட்டர்தான். இங்கே ‘ஓல்டு ஃபெய்த்ஃபுல்’ என்ற பெருமரம் கிடக்கிறது. அதன் அடிப்பாகத்தின் அகலம் ஏறக்குறைய 3 மீட்டர். பக்கத்தில் நின்றால் பெரியவர்களின் தலைக்கு மேலே போகும்.

அடுத்ததாக, காரை எடுக்காமலே, சாலையின் மறுபக்கத்துக்கு நடந்து லாங் லாக்ஸ், அகேட் ஹவுஸ் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். மொத்தம் 4.2 கிலோமீட்டர். பெரும்பாலானவர்கள் தவிர்ப்பது இதைத்தான்; நான் யாரையும் தவிர்க்க விடமாட்டேன். லாங் லாக்ஸில் முழு நீளத்தில் ஒடிந்தும் ஒடியாமலும் கிடக்கும் மரங்களைப் பார்க்கலாம். வெள்ளம் ஒதுக்கிய குவியல் என்று மேலே சொன்னேனே, அது கண்ணுக்கு நேராகப் புரிவது இங்கேதான். அகேட் ஹவுஸ் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் பியூப்லோ எனப்படும் பூர்வகுடி மக்கள் கல்மரத் துண்டுகளை அடுக்கி, களிமண் பூசிக் கட்டிய எட்டு அறை வீடு. 1930களில் அதன் ஒரு பகுதியை மீண்டும் எழுப்பினார்கள். செங்கல்லுக்குப் பதிலாகச் சிவப்பும் மஞ்சளுமான படிகக் கற்களால் ஆன சுவர்! காலை வெயில் அதன் மேல் விழும்போது பாருங்கள்.

காரில் ஏறி வடக்கே வந்தால் கிரிஸ்டல் ஃபாரஸ்ட், 1.2 கிலோமீட்டர் சுற்று. பெயருக்கேற்ற பெரிய படிகங்கள் இங்கே இப்போது குறைவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் வந்தபின், மரங்களுக்குள் இருந்த அமெதிஸ்ட் போன்ற படிகங்களுக்காக வெடி வைத்துக் கட்டைகளைப் பிளந்தார்கள். அந்தச் சிதறல்களை இன்றும் காணலாம். கல்மரங்களை அரைத்துத் தேய்ப்புப் பொடியாக்க ஆலைகூடப் பக்கத்தில் எழுப்பினார்கள். பயந்துபோன உள்ளூர் மக்கள் 1895இலேயே இந்த இடத்தைக் காக்கக் கோரினார்கள். 1906 டிசம்பர் 8 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1962இல் தேசியப் பூங்காவானது. நாம் இன்று பார்ப்பதெல்லாம் அந்த மக்கள் காப்பாற்றிக் கொடுத்தது என்பதைக் கிரிஸ்டல் ஃபாரஸ்டில் நடக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

ஜாஸ்பர் ஃபாரஸ்ட் காட்சிமேடையில் பத்து நிமிடம் போதும். அகேட் பிரிட்ஜிலும் அவ்வளவே. அங்கே சுமார் 33 மீட்டர் நீளமுள்ள ஒரே மரம் பள்ளத்தின் குறுக்கே பாலமாகக் கிடக்கிறது. அது விழுந்துவிடும் என்று அஞ்சி 1917இல் அடியில் கான்கிரீட் தாங்கு கொடுத்தார்கள். இன்று என்றால் அப்படிச் செய்ய மாட்டார்கள். விழுவதையும் இயற்கையின் போக்காகவே விட்டிருப்பார்கள். கான்கிரீட் கண்ணை உறுத்துவது உண்மை. ஆனாலும் அன்று அதைச் செய்தவர்களின் அக்கறையை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் நேரம் செலவிட முடியும் என்றால், அது ப்ளூ மெசா. பிரதான சாலையிலிருந்து பிரியும் கிளைச்சாலையில் போக வேண்டும். 1.6 கிலோமீட்டர் நடைவழி மேட்டிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டுபோங்கள். கீழே இறங்கியதும் நீலமும் சாம்பலும் ஊதாவும் பட்டை பட்டையாக ஓடும் களிமண் குன்றுகள் சுற்றி நிற்கும். காற்றில்லாத நேரத்தில் அங்கே பேச்சுச் சத்தம்கூட அடங்கிப்போகும். இந்தக் களிமண் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்தது; பென்டோனைட் என்று பெயர். மழை பட்டால் பல மடங்கு உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். எந்தச் செடியாலும் வேர் பிடிக்க முடியாது. அதனால்தான் குன்றுகள் மொட்டையாக நிற்கின்றன, மழைதோறும் கரைகின்றன, உள்ளிருக்கும் மரங்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. சில குன்றுகளின் சரிவில் பாதி வெளியே, பாதி உள்ளே நிற்கும் கட்டைகளைத் தேடிப் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் மட்டும் இறங்காதீர்கள். அந்தக் களிமண் சோப்பைவிட வழுக்கும். வழியை விட்டு விலகிக் குன்றின்மேல் ஏறுவதும் கூடாது. உங்கள் ஒரு காலடித் தடம் பல காலம் அங்கே இருக்கும்.

கூம்பு வடிவ டீப்பீஸ் குன்றுகளைக் காரிலிருந்தே பார்க்கலாம். நியூஸ்பேப்பர் ராக் என்ற இடத்தில் தொலைநோக்கியை எடுங்கள். பாறைகளில் 650க்கும் மேற்பட்ட கீறல் உருவங்கள் இருக்கின்றன. மேலேயிருந்துதான் பார்க்க முடியும். புவர்க்கோ பியூப்லோவில் அரை கிலோமீட்டர் நடை. நூறுக்கும் மேற்பட்ட அறைகளோடு இருந்த ஊரின் அடித்தளம் தெரியும். 1300ஆம் ஆண்டை ஒட்டி சுமார் 200 பேர் இங்கே வாழ்ந்தார்கள். வறட்சி வந்தபின், 1300களின் பிற்பகுதியில் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். நடைவழியோரப் பாறை ஒன்றில் சிறிய சுருள் வட்டம் கீறப்பட்டிருக்கிறது. ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில் காலை சுமார் 9 மணிக்கு, பாறையிடுக்கு வழியே வரும் ஒளிக்கீற்று அந்தச் சுருளைத் தொடும். விதைப்பு, அறுவடை, சடங்கு எல்லாவற்றுக்கும் நாள் குறிக்க அவர்களுக்கு இருந்த பஞ்சாங்கம் அது.

பிறகு ரயில் பாதையையும் இன்டர்ஸ்டேட் 40ஐயும் கடந்து வடபகுதிக்கு வருவீர்கள். பழைய ரூட் 66 சாலையின் ஒரு பகுதியைத் தனக்குள் வைத்திருக்கும் ஒரே தேசியப் பூங்கா இதுதான். அதன் அடையாளமாக, துருப்பிடித்த 1932ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் கார் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். அதன் பின்னால் வரிசையாகப் போகும் தந்திக் கம்பங்கள்தான் பழைய சாலையின் தடம்.

அங்கிருந்து லேசி பாயின்ட், விப்பிள் பாயின்ட், பின்டாடோ பாயின்ட் என்று காட்சிமேடைகள் அடுத்தடுத்து வரும். எல்லாவற்றிலும் இறங்க வேண்டியதில்லை. பின்டாடோவில் மட்டும் நில்லுங்கள். வண்ணப் பாலை மிக அகலமாகத் தெரிவது அங்கே. மாலை 3 மணிக்குள் பெயின்டட் டெசர்ட் இன் கட்டடத்தை அடைந்துவிட வேண்டும். 1920களில் தனிநபர் ஒருவர் கல்மரத் துண்டுகளால் கட்டிய விடுதி இது. 1930களின் இறுதியில், பொருளாதாரப் பெருமந்தக் காலத்து வேலைத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் இதை இப்போதைய பியூப்லோ பாணியில் மாற்றிக் கட்டினார்கள். உள்ளே கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பாருங்கள். சுவர்களில் ஹோப்பி என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஓவியர் ஃப்ரெட் கபோட்டி 1940களில் வரைந்த ஓவியங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று, உப்பு எடுத்துவர ஏரிக்கு நடந்து போகும் இரண்டு ஹோப்பி இளைஞர்களின் பயணத்தைச் சொல்கிறது. இப்போது இங்கே யாரும் தங்க முடியாது, அருங்காட்சியகமாகத்தான் இருக்கிறது.

கட்டடத்தின் பின்புறம் கச்சினா பாயின்ட். அங்கிருந்து டாவா பாயின்ட் வரை விளிம்பை ஒட்டிய நடைவழி, போய்வர 1.6 கிலோமீட்டர். நாளின் கடைசி நேரத்தை இதற்கே வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் இறங்க இறங்கக் குன்றுகளின் செம்மை, சுட்ட செங்கல் நிறத்துக்கும் பிறகு குங்கும நிறத்துக்கும் மாறிக்கொண்டே போகும். வாகன நிறுத்தத்தில் அண்டங்காக்கைகள் பழகியவைபோல நெருங்கி வரும். உணவு போடாதீர்கள். 5 மணிக்கு வாயிலைத் தாண்ட வேண்டும் என்பதால் 4.40க்குக் காரில் ஏறிவிடுங்கள்.

கல்லைப் பற்றி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சிறு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. கூட்டாட்சிச் சட்டப்படி அது குற்றம். ஆனால் நான் சொல்ல வருவது சட்டத்தைப் பற்றி அன்று.

அரிசோனா அரசுப் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவரது குழுவினரும் இந்தப் பூங்காவில் ஒரு சோதனை செய்தார்கள். அடையாளமிட்ட கல்மரத் துண்டுகளை நடைவழிகளில் வைத்துவிட்டு, இருவகை அறிவிப்புகளை மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். ‘பலர் கல்லை எடுத்துச் சென்றதால் பூங்கா பாழாகிறது’ என்ற வகை அறிவிப்பு இருந்தபோது ஏறக்குறைய 8 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்று நேராகக் கேட்டபோது காணாமல் போனவை 2 சதவீதத்துக்கும் குறைவு. ‘எல்லாரும் எடுக்கிறார்கள்’ என்ற எண்ணமே கையை நீள வைக்கிறது. ஆகவே உங்கள் குழந்தைகளிடம் திருடர்களைப் பற்றிப் பேசாதீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய புகைப்படங்களை வைத்துப் பார்த்தால் பல இடங்கள் பெரிதாக மாறாமல் அப்படியே இருக்கின்றன. வந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

எடுத்துப் போனவர்கள் சிலர் பல ஆண்டுகள் கழித்து மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். அதை எடுத்த பிறகு குடும்பத்தில் நோய், விபத்து, வேலை இழப்பு என்று எழுதியவர்கள் உண்டு. ரெயின்போ ஃபாரஸ்ட் அருங்காட்சியகத்தில் அத்தகைய கடிதங்களைப் பார்க்கலாம். துயரம் என்னவென்றால், திரும்பி வந்த கல்லை எடுத்த இடத்தில் வைக்க முடியாது. எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. தவறான இடத்தில் வைத்தால் ஆய்வாளர்களுக்குத் தவறான சான்றாகிவிடும். அதனால் அவற்றைத் தனியே ஒரு குவியலாகப் போட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கும் சேராமல் காட்டுக்கும் சேராமல் கிடக்கும் கற்கள் அவை.

வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ள ஆசையா? ஹோல்புரூக்கிலும் தெற்கு வாயிலுக்கு வெளியிலும் கடைகள் உள்ளன. தனியார் நிலத்தில் கிடைத்த கல்மரங்களை அங்கே சட்டப்படி விற்கிறார்கள். பூங்காவைப் பார்த்து முடித்த பிறகே வாங்குங்கள். முன்பே வாங்கிவிட்டால் ரசீதை வைத்துக்கொண்டு, நுழையும்போதே ரேஞ்சரிடம் சொல்லிவிடுங்கள். எடையையும் யோசியுங்கள். ஒரு கன அடிக் கல்மரம் 70 கிலோவுக்குக் குறையாது.

இன்னொரு நாள் இருந்தால்

2018 முதல் இது சர்வதேச இருள்வானப் பூங்கா, அதாவது இரவு வானம் மாசில்லாமல் இருண்டு தெரியும் இடம். ஆனால் கதவு 5 மணிக்கு மூடிவிடுமே, நட்சத்திரங்களை எப்படிப் பார்ப்பது? வழி ஒன்று உண்டு. காட்டுப்பகுதியில் கூடாரம் அடித்துத் தங்குவதற்கான அனுமதிச் சீட்டை வாங்குவது. கட்டணம் இல்லை. பார்வையாளர் மையத்தில் நேரில் போய் அன்றே வாங்க வேண்டும். மாலை வரை தள்ளிப்போடாமல் காலையிலேயே போய்விடுங்கள்.

பெயின்டட் டெசர்ட் இன் அருகிலிருந்து ஒற்றையடிப் பாதை பாலைக்குள் இறங்குகிறது. கொஞ்ச தூரத்தில் பாதை முடிந்துவிடும். அதற்கு மேல் வழி நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். விப்பிள் பெயர் வைத்த லித்தோடென்ட்ரான் ஓடையைக் கடந்தால் கறுத்த கல்மரங்கள் கிடக்கும் பிளாக் ஃபாரஸ்ட் வரும். ஓடை எப்போதும் வறண்டிருக்கும் என்று எண்ணாதீர்கள். தொலைவில் எங்கோ மழை பெய்தாலும் இங்கே திடீர் வெள்ளம் வரும். ஓடைக்குள் கூடாரம் அடிக்கக் கூடாது. தண்ணீர் முழுவதையும் சுமந்துகொண்டே போக வேண்டும். நெருப்பு மூட்டக் கூடாது. வெப்பமான மாதங்களில் விரியன் பாம்பும் உண்டு, பாறையிடுக்கில் கை வைக்காதீர்கள். தனியாகப் போகிறவர்கள் எந்தத் திசையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஊரில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

காலையில் கூடாரத்தை மடித்தபின் இருந்த இடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கயிறோ உறையோ கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு காலணியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பள்ளங்களில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ கல்சில் சிக்கியிருந்தால், அங்கேயே தட்டிவிட்டுக் கிளம்புங்கள்.